அரபுக் குதிரைகளோடு 22 வருடம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரபுக் குதிரைகளை வளர்த்துப் பழக்கும் லாயம் ஒன்றில் 22 வருடம் வேலை பார்த்தேன். லத்தி அள்ளுவதில் ஆரம்பித்துக் குட்டிகளைப் பழக்குவது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அன்று லாயத்துக்கு வந்து போனவர்களும் சரி, இன்று விஷயம் தெரிந்து பேச்சுக் கொடுப்பவர்களும் சரி, பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரேயடியாக இங்கே பதில் எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பழகிய குதிரையை ‘அது’ என்று எழுத எனக்கு வராது. அவன், அவள் என்றுதான் வரும்.

அரபுக் குதிரை முரட்டுக் குதிரை, சட்டென்று மிரளும் என்கிறார்களே?

மிரளும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. முரடு என்பதில் துளியும் இல்லை. நூற்றாண்டுகளாகப் பாலைவனத்தில் மனிதர்களின் கூடாரத்தை ஒட்டியே வளர்ந்த இனம் இது. கடிக்கிற, உதைக்கிற குதிரையை அங்கே யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கூடாரத்துக்குள்ளேயே குதிரையும் குழந்தைகளும் படுத்திருந்த வாழ்க்கை அது.

ஆனால் கவனம் அதிகம். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுகிற பிராணி குதிரை. அவ்வளவு நுணுக்கமான தொடு உணர்ச்சி. அரபுக் குதிரைகளில் அது இன்னும் ஒரு படி கூடுதல் என்பது என் அனுபவம். நேற்று இல்லாத வாளி இன்று வாசலில் இருந்தால் நின்று பார்க்கும். அதைப் போய் ‘மிரளுது’ என்று கடிவாளத்தைச் சுண்டினால் அடுத்த முறை உண்மையிலேயே மிரளும். கயிற்றைத் தளர்த்திவிட்டு, ‘சரி, பார்த்துக்கோ’ என்று அரை நிமிடம் சும்மா நின்றால் போதும், தானே மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுக் கடந்து போகும்.

பார்த்தவுடன் அரபுக் குதிரை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கவாட்டில் நின்று முகத்தைப் பாருங்கள். நெற்றிக்குக் கீழே மூக்குத் தண்டு லேசாக உள்வாங்கி வளைந்திருக்கும். பெரிய கண், அகலமாக விரியும் நாசி, ஓடும்போது கொடி மாதிரி தூக்கிப் பிடிக்கும் வால். உயரம் அதிகமில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டில் அளந்தால் சுமார் 145 முதல் 155 செ.மீ. வரை. சில அரபுக் குதிரைகளுக்கு, மற்ற குதிரைகளுக்கு வழக்கமாக இருக்கும் 18 ஜோடி விலா எலும்புக்குப் பதிலாக 17 ஜோடிதான் இருக்கும். இடுப்பு முள்ளெலும்பிலும் ஒன்று குறையும். முதுகு குட்டையாகத் தெரிவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

வெள்ளை வெளேரென்று இருக்கும் குதிரைக்குக் ‘கரியன்’ என்று யார் பேர் வைத்தது?

நான்தான். லாயத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி இது. பிறந்த அன்று அவன் கரியாகத்தான் இருந்தான். பதிவேட்டில் அவனுக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு; அதைச் சொல்லி ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்லை.

நாம் வெள்ளை அரபுக் குதிரை என்று சொல்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து, வருடா வருடம் நரைத்துக்கொண்டே வருபவைதான். கரியனுக்கு முதலில் கண்ணைச் சுற்றி வெள்ளி முடி வந்தது, மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி. நாலு வயதில் சாம்பல் உடம்பு முழுக்க வட்ட வட்டமாக வெளிறியிருந்தது. பத்து வயதில் பஞ்சு. ஆனால் அடித்தோல் கடைசிவரை கறுப்புத்தான். குளிப்பாட்டும்போது முடி நனைந்து ஒட்டிக்கொண்டால் பழைய கரியன் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பான்.

எந்த வயதில் பழக்க ஆரம்பிக்க வேண்டும்?

மனிதக் கை படுவதை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கலாம். கழுத்தைத் தடவுவது, குளம்பைத் தூக்கிப் பார்ப்பது, தலைக்கயிறு போடுவது, தாய்க்குப் பக்கத்தில் பத்தடி நடத்திப் போவது. இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. அதற்கு மேல் குட்டிக்குப் பொறுமை இருக்காது.

முதுகில் ஏறுவது வேறு விஷயம். குதிரையின் எலும்புகள் கீழிருந்து மேலாக முதிர்கின்றன. குளம்பை ஒட்டிய எலும்பு பிறக்கும்போதே ஏறக்குறைய முதிர்ந்துவிடும். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு ஐந்தரை வயதுக்கு மேலும் ஆகலாம். ஆகவே மூன்றரை, நாலு வயதில் எடை குறைந்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இருபது நிமிடம் ஏறினால் போதும் என்பது எங்கள் லாயத்து வழக்கம். அதுவரை நீளக் கயிற்றில் வட்டமாக நடத்துவது, பின்னால் நடந்துகொண்டே இரண்டு கயிறுகளைப் பிடித்து ஓட்டிப் போவது என்று தரையிலேயே ஏகப்பட்ட பாடம் நடத்தலாம். அவசரப்பட்டு இரண்டு வயதில் ஏறிக் கெடுத்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் முதுகு போய் நிற்கும். அரபுக் குதிரை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வயது வரை வாழ்கிற ஜாதி. இரண்டு வருடம் காத்திருப்பது பெரிய விஷயமா?

அடிக்காமல் குதிரையைப் பழக்க முடியுமா?

அடித்துத்தான் பழக்க முடியாது. அடித்தால் குதிரை தப்பித்துப் போகக் கற்றுக்கொள்ளும். போக வழியில்லாவிட்டால் மரத்துப்போகக் கற்றுக்கொள்ளும். மரத்துப்போன குதிரையைப் பார்த்து ‘எவ்வளவு சாது!’ என்று மெச்சுகிறவர்கள் உண்டு. அதன் கண்ணைப் பார்த்தால் வீட்டில் யாருமில்லாத மாதிரி இருக்கும்.

சரி, எப்படி? குட்டியை முதல்முறை கயிறு பிடித்து நடத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு லேசாக இறுகியதும் குட்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். எல்லாக் குட்டியும் அப்படித்தான். நாமும் பலமாக இழுத்தால் மல்லுக்கட்டாகிவிடும். அப்புறம் ஜெயிப்பது யார் என்பதுதான் பாடம். அப்படி இழுக்காமல், அதே லேசான இறுக்கத்தைக் கூட்டாமல் குறைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குட்டி யோசிக்கும். தலையை ஆட்டும். பின்னால் சாயும். பிறகு ஏதோ ஒரு கணத்தில் எடை ஒரு மயிரிழை முன்பக்கம் வரும். கால் எடுத்து வைக்கக்கூட வேண்டாம், எடை மாறினால் போதும், அந்த நொடியே கயிற்றை விட்டுவிட வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது நாம் இழுத்ததிலிருந்து அல்ல, விட்டதிலிருந்து. ஒரு வினாடி தாமதமாக விட்டால் வேறு எதையோ கற்றுக்கொண்டிருக்கும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஆரம்பத்தில் என்னைக் குதிரையிடம் விடவே இல்லை. கயிற்றின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். அவர் விரலைத் தளர்த்தியதும் நானும் தளர்த்த வேண்டும். ‘லேட்டு’ என்பார். ‘மறுபடி லேட்டு.’ மூன்று வாரம் இதேதான். குதிரை வேலைக்கு வந்தவனைக் கயிறு பிடிக்க வைத்துவிட்டாரே என்று அப்போது கோபம் வந்தது.

அரபுக் குதிரை மற்ற இனங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்பது உண்மையா?

என் கையில் பழகிய வரைக்கும் உண்மை. சிக்கலும் அதுதான். நாம் சொல்லிக்கொடுக்க நினைக்காததையும் அது கற்றுக்கொண்டுவிடும், பெரும்பாலும் அதைத்தான் முதலில்.

கரியனுக்கு ‘ஹோ’ என்றால் நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், நான் சொல்வதற்கு முன்னாலேயே நின்றுவிட்டான். மறுபடி நடக்கவிட்டேன். மறுபடியும் சொல்வதற்கு முன்னால் நின்றான். மனதைப் படிக்கிறானோ என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் பிடிபட்டது: ‘ஹோ’ சொல்வதற்காக நான் ஒவ்வொரு முறையும் மூச்சை இழுக்கிறேன், அவன் அந்த மூச்சுக்கே நிற்கிறான். சோதித்துப் பார்க்க, வாயைத் திறக்காமல் மூச்சை மட்டும் இழுத்தேன். நின்றான். காதை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவனை நிறுத்த நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதே விஷயத்தில் ஒரு காலத்தில் பெரிய பண்டிதர்களே ஏமாந்திருக்கிறார்கள். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று பரபரப்பானது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் விஷயத்தை உடைத்தார்: சரியான எண்ணிக்கை வந்ததும் எதிரே நிற்பவரின் தலையும் முகமும் தன்னையறியாமல் துளி அசைகின்றன, குதிரை அதைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறது. ஹான்ஸ் அரபுக் குதிரை இல்லை. ஆனால் பின்னர் அதைப் பெற்ற எல்பர்ஃபெல்ட் ஊர் நகை வணிகர் கார்ல் கிரால், முகமது, ஸரீஃப் என்ற இரண்டு அரபு ஆண் குதிரைகளையும் வாங்கி, இன்னும் பெரிய கணக்குகளையெல்லாம் ‘போடவைத்து’ ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். முன்னால் நிற்கும் மனிதனுக்கே தெரியாத அசைவைப் படித்துவிடுகிறதே, அது கணக்கைவிடக் கஷ்டமில்லையா?

தப்பாகக் கற்றுக்கொடுத்து மாட்டிக்கொண்டது உண்டா?

நிறைய. செம்பி என்ற செந்நிறப் பெண் குதிரைக்கு, குனிந்து முன்காலைத் தட்டினால் குளம்பைத் தூக்கித் தர வேண்டும் என்று பழக்கினேன். தூக்கியதும் கழுத்தைச் சொறிந்து கொடுப்பேன். அவள் கவனித்தது தட்டியதை அல்ல, குனிந்ததை. அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் யார் எதற்குக் குனிந்தாலும் முன்கால் வந்துவிடும். லாடம் அடிக்க வந்தவர் கீழே விழுந்த ஆணியைப் பொறுக்கக் குனிய, குளம்பு அவர் தொப்பியில் போய் உட்கார்ந்தது. அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார்.

இன்னொன்று, சிரிக்கத் தக்கது அல்ல. தீனி நேரத்தில் ஒரு குட்டி கதவைக் காலால் உதைத்தது. சத்தம் தாங்காமல் அதற்கு முதலில் வைத்தேன். பத்தே நாளில் லாயம் முழுக்கக் கதவு உதைக்கும் கச்சேரி. ஒவ்வொன்றும் உதைப்பதை நிறுத்தும் வரை காத்திருந்து, நின்ற பிறகே தீனி வைத்து, அதைச் சரிசெய்ய நாலு மாதம் ஆனது. அதில் ஒன்றுக்குக் கணுக்காலில் வீக்கம். என் சோம்பேறித்தனத்துக்கு அது பட்ட பாடு.

ஏற்கெனவே அடிபட்டுப் பயந்த குதிரையைத் திருத்த முடியுமா?

செம்பியே அப்படி வந்தவள்தான். ஆறு வயதில் வந்தாள். முன்பு இருந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டாம். யாராவது உள்ளே போனால் மூலைக்குப் போய்ப் பின்புறத்தைக் காட்டி நிற்பாள். ஒருநாள் நெருங்க விடுவாள், மறுநாள் விடமாட்டாள். காரணமே புரியவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி சேணத்து வார்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன். மூன்று வாரம் போயிருக்கும். மழைக்காலம். திடீரென்று ஒருநாள் உறைத்தது: அவள் மூலைக்கு ஓடிய நாள் எல்லாம் நான் மழைக்கோட்டுப் போட்டிருந்த நாள். பயம் என்மீது இல்லை, அந்தச் சரசரப்பின் மீது. மழைக்கோட்டுப் போட்ட யாரோ என்ன செய்தார்களோ.

அதற்குப் பிறகு வேலை சுலபம், நேரம்தான் பிடித்தது. கோட்டை லாயத்தின் அந்தக் கோடியில் மாட்டினேன். தினமும் ஒரு ஆணி தள்ளி இந்தப் பக்கம். அவள் தின்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அன்று அதற்கு மேல் நகர்த்தவில்லை. மறுநாள் ஒரு ஆணி பின்னால். கதவு வரை வந்ததும் தீவனத் தொட்டிக்கு மேலேயே மாட்டினேன். இரண்டரை மாதம் கழித்து ஒரு காலை, நான் உள்ளே போனபோது கோட்டின் கை அவள் வாயில் இருந்தது. நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். எனக்கு வேறு மழைக்கோட்டு வாங்க வேண்டியதாயிற்று.

பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்கள் எப்படிப் பழக்கினார்கள்?

அவர்கள் சண்டைக்கும் திடீர்த் தாக்குதலுக்கும் பெண் குதிரைகளையே விரும்பினார்கள். எதிரியின் குதிரையைக் கண்டு கனைத்துக் காட்டிக்கொடுக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. வாயில் இரும்புக் கடிவாளம் பெரும்பாலும் கிடையாது. மூக்கின் மேல் சங்கிலி வைத்த தலைக்கயிறு ஒன்று, முதுகில் அங்கவடி இல்லாத மெத்தை, அவ்வளவுதான். வம்சத்தைத் தாய்வழியில்தான் சொல்வார்கள். கெஹைலான், ஸக்லாவி, அபெயான், ஹம்தானி, ஹத்பான் என்ற ஐந்து வம்சங்கள் புகழ்பெற்றவை. தாகத்தோடு தண்ணீருக்கு ஓடிய குதிரைகளில், நபிகள் நாயகத்தின் அழைப்புக் கேட்டுத் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்த ஐந்து பெண் குதிரைகளின் வழி வந்தவை இவை என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் எதைப் பெரிய குணமாக நினைத்தார்கள் என்பது அதில் தெரிகிறது. வேகத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை.

வெளியுலகத்துக்கு இதையெல்லாம் எழுதிக் காட்டியவர்களில் முக்கியமானவர் லேடி ஆன் பிளண்ட். கவிஞர் பைரனின் பேத்தி, கணினி வரலாற்றில் வரும் ஏடா லவ்லேஸின் மகள். கணவர் வில்ஃப்ரிடுடன் பாலைவனத்தில் பயணம் செய்து, அரபி கற்று, வாங்கிய குதிரைகளை வைத்து 1878இல் இங்கிலாந்தின் ஸஸ்ஸெக்ஸில் கிராபெட் பண்ணையைத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் உள்ள அரபுக் குதிரைகளில் பெரும் பங்கின் வம்சாவளியைத் தேடிப்போனால் எங்காவது ஓரிடத்தில் கிராபெட் வந்துவிடும்.

எவ்வளவு தூரம் ஓடும்?

குறுகிய ஓட்டத்தில் தரோபிரெட் பந்தயக் குதிரை இவனை விழுங்கிவிடும். தூரம் கூடக் கூடக் கதை மாறும். கலிஃபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைக் குதிரைப் போட்டி மலைப்பாதையில் 100 மைல், அதாவது 160 கி.மீ.; 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் வருடம் வென்ற வெண்டல் ரோபியின் குதிரை பாண்டோஸும் அரபு இனம்தான். இம்மாதிரிப் போட்டிகளில் இன்றுவரை அரபுக் குதிரைகளின் ராஜ்ஜியம்தான். வழியில் மருத்துவர்கள் நிறுத்திச் சோதிப்பார்கள்; நாடித்துடிப்பு குறிப்பிட்ட அளவுக்கு, சர்வதேசப் போட்டிகளில் பொதுவாக நிமிடத்துக்கு 64க்கு, இறங்கினால்தான் மேலே விடுவார்கள். ஓடுவதைவிட, நின்றதும் நாடி சீக்கிரம் இறங்குவதில்தான் இந்த இனத்தின் பலம்.

வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த அரபுக் குதிரை எது?

இரண்டாம் விட்டெஸ். போலந்தின் யானுவ் பொட்லாஸ்கி பண்ணையில் 1938இல் பிறந்தவன். 1817இல் தொடங்கிய பழைய பண்ணை அது. போரில் ஜெர்மானியர் கைக்குப் போய், 1945 ஏப்ரலில் ஹோஸ்டாவ் என்ற ஊரில் லிப்பிஸானர் குதிரைகளோடு இருந்தபோது அமெரிக்கக் குதிரைப்படைப் பிரிவு வந்து மீட்டது. கப்பலேறி அமெரிக்கா போய், கலிஃபோர்னியாவின் பொமோனாவில் சேர்ந்தான். கார்ன்ஃபிளேக்ஸ் புகழ் கெல்லாக் 1925இல் அரபுக் குதிரைகளுக்காக அமைத்த பண்ணை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குதிரைகள் பொதுமக்களுக்கு வித்தை காட்டும். இத்தனை நாடு, இத்தனை மொழி, இத்தனை கை மாறியும் விட்டெஸ் சாந்தமாகவே இருந்தான் என்று சொல்வார்கள். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பையைப் பழக்கியதாகிவிடும். சட்டை கிழியும். நான் பெரும்பாலும் தோள்மேட்டைச் சொறிந்து கொடுப்பதோடு சரி. குதிரைகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்வதும் அதைத்தான்.

வாங்கும்போது நோய் பற்றி எதைக் கேட்க வேண்டும்?

இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இருந்தால் மரபணுச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் குட்டி பிறக்கும் ஸ்கிட், சிறுமூளை தேய்ந்து குட்டி தள்ளாடும் ஒரு நோய் ஆகியவை இந்த இனத்தில் உண்டு. தாய், தந்தை இரண்டும் வெளியே ஆரோக்கியமாகவே இருக்கும். இரண்டுமே அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிறப்பிலும் குட்டிக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சோதித்துவிட்டு ஜோடி சேர்த்தால் தவிர்த்துவிடலாம். சோதிக்காமல் சேர்ப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

முதல் குதிரையாக அரபுக் குட்டி ஒன்று வாங்கலாமா?

வேண்டாம். பதினைந்து வயதைத் தாண்டிய, ஊர் உலகம் பார்த்த ஒன்றை வாங்குங்கள். அது உங்களைப் பழக்கட்டும்.

குழந்தைகளுக்குச் சரிப்படுமா?

குதிரையைப் பொறுத்தது. கரியன் பதினெட்டு வயதுக்கு மேல் உடல் குறைபாடுள்ள குழந்தைகளை ஏற்றி நடக்கும் வேலைதான் செய்தான். இளவயதில் அவனுக்கு ஒரு பழக்கம் கொடுத்திருந்தேன்: முதுகில் இருப்பவரின் எடை ஒரு பக்கம் சரிந்தால் உடனே நிற்க வேண்டும். வேண்டுமென்றே சரிவேன், நிற்பான், சொறிந்து கொடுப்பேன். அப்போது எனக்காகத்தான் செய்தேன், நான் அடிக்கடி விழுகிறவன்.

கழுத்து நிற்காத ஒரு சிறுமி வாரா வாரம் வருவாள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு நடப்போம். அவள் சரியும்போது எங்களுக்குத் தெரிவதற்கு முன் கரியன் நின்றிருப்பான். சில சமயம் நிற்பதோடு விடாமல், சரிந்த பக்கமே அரை அடி ஒதுங்கி அவளுக்குக் கீழே வந்துவிடுவான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரியன் இப்போது இருக்கிறானா?

இல்லை. 27 வயதில் போய்விட்டான். வயதான வெண்குதிரைகளில் பலவற்றுக்கு வருகிற மாதிரி வாலடியில் கட்டிகள் இருந்தன, ஆனால் போனது குடல் வலியில், ஒரே இரவில். மருத்துவர் வரும்வரை நடத்திக்கொண்டே இருந்தேன்.

உதட்டால் தாழ்ப்பாளைத் திறக்கும் வித்தை அவனுக்குத் தெரியும். தன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக மாட்டான். நடைவழியில் நின்று மற்ற எல்லாக் கதவையும் திறந்துவிட்டுத் திரும்பத் தன் இடத்துக்கே போய் நிற்பான். அவனுக்காகத் தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு கொக்கியும் சங்கிலியும் போட்டிருந்தோம். இப்போது அந்த அறையில் வேறு குதிரை. அவளுக்குத் தாழ்ப்பாள் என்றால் என்னவென்றே தெரியாது. போன மாதம் லாயத்தை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து அந்தச் சங்கிலியையும் மாட்டினான். எதற்கு என்று கேட்டேன். ‘இங்க அப்படித்தாண்ணே’ என்றான்.